தமிழிலக்கியத்தில் வறுமையும் மக்கள் எழுச்சியும்

வறுமை முற்றிய நாட்டில் மக்கள் எழுச்சி தானே தோன்றும் என்பது பலரும் ஆராயாது ஏற்றுக்கொண்ட கருத்தாகும். விலை ஏறிக் கூலி தேய்ந்து அடுப்பு அவியுமாயின் அடுத்து வருவது கலகமே என்பர். இதற்கு நேர்மாறாக, பசித்தவன் இரக்கப் போவானேயன்றி எதிர்க்கப் போகான் என்பாரும் உளர். இவ்விரு கருத்துகளும் தமிழிலக்கிய ஆராய்ச்சிக்குள்ளும் புகுந்துள்ளன. ஒரு சாரார் புறநானூற்று வறுமைப் பாட்டுகளையெல்லாம் பிற்காலப் புரட்சியின் வித்துகளாகக் காட்டுவர். மற்றொரு சாரார், நம் புலவர்கள் புரவலரை அண்டி வாழ்ந்தவர்கள். அவர்தம் பாட்டில் எதிர்ப்பைத் தேடுவது வீண் என்பர். முன்னவர் பாட்டில் இல்லாததை ஏற்றிச் சொல்கின்றனர். பின்னவர் உள்ளதையும் காணாது விடுகின்றனர். பசி எந்நிலையில் தனித் துயராகவே நின்றுவிடுகிறது, எந்நிலையில் பலர் கூடிய எழுச்சியாகிறது என்னும் வினாவுக்கு நம் இலக்கியம் தரும் விடை இவ்விரண்டினும் நுட்பமானது. அதனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

சிறுபாணாற்றுப்படையில் நல்லூர் நத்தத்தனார் காட்டும் வறுமைக் காட்சியிலிருந்து தொடங்குவது தகும். பாணன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்கிறது. கண் திறவாத அக்குட்டிகள் பால் வற்றிய தாயை வருத்துகின்றன. வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கொய்து வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். இவ்வளவும் வறுமையின் கொடுமையைக் காட்டுவன என்பது எவர்க்கும் தெரியும். நாம் சுட்ட விழைவது அடுத்து வரும் செயலை. அவ்வுணவை உண்ணுமுன் அயலார் கண்ணில் படாதவாறு நாணி வாயிற்கதவை அடைத்துவிடுகிறார்கள். இச்செய்தியை வறியவரின் மானவுணர்ச்சிக்குச் சான்றாக உரையாசிரியர்களும் திறனாய்வாளர்களும் போற்றியுள்ளனர். அது சரியே. ஆயினும் அம்மானத்திற்கு வேறொரு முகமும் உண்டு. அடைத்த கதவுக்குள் உண்ணப்படும் உப்பில்லாக் கீரை அவ்வீட்டுக்கு மட்டுமே உரிய இழிவாகிவிடுகிறது. பக்கத்து வீட்டிலும் அதே கீரை வேகக்கூடும். அதனை இவர் அறியார், இவர் கீரையை அவர் அறியார். பசி பொதுத்துயர் என்னும் உணர்வு அக்கதவின் முன் நின்றுவிடுகிறது.

புறநானூற்று 164ஆம் பாட்டும் இவ்வாறே நோக்கத்தக்கது. சமையலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் இல்லாத முலையைச் சுவைத்துச் சுவைத்து அழுகிறது குழவி. தாய் குழவியின் முகத்தை நோக்குகிறாள். புலவராகிய பெருந்தலைச் சாத்தனார் மனைவியின் துயரை நோக்குகிறார். பின்னர்க் குமணனை நினைந்து புறப்படுகிறார். நோக்கு குழவியிலிருந்து தாய்க்கும், தாயிலிருந்து புலவர்க்கும், புலவரிடமிருந்து வள்ளலுக்கும் மேன்மேலும் ஏறிச் செல்கிறதேயன்றிப் பக்கவாட்டில் ஒருகாலும் திரும்பவில்லை. அண்டை வீட்டார் என ஒருவர் உளர் என்பதே பாட்டில் இல்லை.

அண்டை வீட்டாரைப் புலவர் அறியாதவரோ எனின், அறிந்தவரே. பெருஞ்சித்திரனார் குமணனிடம் பரிசில் பெற்று மீண்டபின் மனைவியிடம் கூறும் 163ஆம் பாட்டு இதற்குச் சான்று. நின்னை விரும்பினோர்க்கும், நீ விரும்பினோர்க்கும், சுற்றத்தார்க்கும், நம் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்தோர்க்கும் என்னைக் கேளாமலே கொடு என்கிறார் அவர். குறியெதிர்ப்பை என்பது அளந்து வாங்கி அளந்து திருப்பும் கடன். ஆகவே வறியவர் வறியவர்க்கு நாழி அரிசி தந்து தாங்கிய வாழ்க்கை ஒன்று அத்தெருவில் இருந்திருக்கிறது. கொடுத்துண்ணும் பொழுது பக்கத்து வீடு பாட்டுக்குள் வருகிறது; கேட்கும் பொழுது மறைந்துவிடுகிறது. இவ்வேறுபாட்டை நாம் அழுத்தமாகவே கூறுவோம். பரிசில் கடாநிலை என்னும் துறை தனியொருவன் தனியொருவனைக் கேட்பதற்கு அமைந்தது. பலர் கூடி ஒருவனைக் கேட்பதற்கு நம் புறப்பொருளில் துறை வகுக்கப்படவில்லை.

அரசனை நேர் நின்று இடித்துரைத்த பாட்டுகள் இல்லையா என வினவலாம். உள, அவை உலக இலக்கியத்தில் எதற்கும் தாழ்ந்தன அல்ல. வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம், நின் படை வெல்லும் வெற்றி உழுபடை தந்த விளைவே என்று கூறி உழவரின் பாரம் தாங்குமாறு வேண்டுகிறார். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு, யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுப்பதற்கும் யானையையே வயலுக்குள் விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுகிறார். நலங்கிள்ளி என்னும் அரசனே, குடிகளிடம் வரியை இரந்து நிற்கும் சிறியோனுக்கு அரசுரிமை தாங்கொணாச் சுமை என்று பாடுகிறான். நாகனார் பாட்டின் இறுதிக் குறிப்பு, பழைய நிலக்கடன் நீக்கம் பெற்ற செய்தியைத் தருகிறது. ஒரு பாட்டு வரியை நீக்கிற்று என்பது பெருமைக்குரியதே. எனினும் நாகனாரும் பிசிராந்தையாரும் பாடியது செவியறிவுறூஉ. உழவர்க்காகப் பேசுபவர் புலவர், உழவர் பேசவில்லை.

உழவரும் குடிகளும் என்ன செய்வர் என அரசர் அஞ்சினர்? 72ஆம் பாட்டில் நெடுஞ்செழியன் கூறும் வஞ்சினம் இதனைத் தெளிவாக்குகிறது. பகைவரை வெல்லேனாயின் எம் அரசன் கொடியன் எனக் குடிகள் கண்ணீர் சொரிந்து பழிதூற்றும் நிலையை யான் அடைவேனாக என்கிறான் அவன். ஆளும் ஒருவன் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் சாபத்தின் உச்சம் குடிகளின் கண்ணீரும் பழிச்சொல்லும் ஆகும். குடிகளின் கை அங்கு இல்லை. வள்ளுவரும் கொடுங்கோன்மை அதிகாரத்தில், ஆற்றாது அழுத கண்ணீரையே அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் படையாகக் கூறுகிறார். படை என்னும் சொல்லை அவர் ஆண்டிருப்பது எண்ணத்தக்கது. படை ஏந்தாதவரிடம் உள்ள ஒரே படையாகக் கண்ணீர் நிற்கிறது. அது வெட்டாது, தேய்க்கும். தேய்வதற்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பதைக் குறள் கூறவில்லை.

ஆனால் அதே வள்ளுவர் இரவச்சத்தில், இரந்தே உயிர்வாழ வேண்டுமென்று ஒருவனுக்கு அமையுமாயின் உலகை அவ்வாறு அமைத்தவன் அலைந்து கெடுவானாக எனச் சினக்கிறார். நம் பழைய இலக்கியத்தில் வறுமை பற்றி எழுந்த சினத்துள் இதனினும் கடியது ஒன்றை நாம் கண்டதில்லை. அச்சினம் அரசனைத் தாண்டி, செல்வரைத் தாண்டி, உலகியற்றியவன் மேல் பாய்கிறது. சிலர் இதனைப் புரட்சிக் குறள் என்பர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. பொறுப்பாளி அத்துணை உயரத்தில் இருக்கும்பொழுது அவனை அணுகிக் கணக்குக் கேட்க எவராலும் இயலாது. சினம் பெரிதாயினும் சென்று தைக்கும் இடம் இல்லை.

காப்பியங்களைப் பற்றி விரிக்க வேண்டுவதில்லை. மணிமேகலை பசியைப் பிணி என்கிறது; பிணிக்கு மருந்துதான் உண்டு, வழக்கு இல்லை. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாவதும் அரசன் இசைவோடு நிகழ்கிறது. சிலப்பதிகாரத்தில் நகரம் எரிகிறது. ஆனால் எரித்த சினம் பசியால் வந்ததன்று, எரித்தவரும் பலர் அல்லர்.

பழந்தமிழ் மக்கள் எக்காலத்தும் கூடி எதிர்த்தவரல்லர், அதனால் இலக்கியத்தில் எதிர்ப்பு இல்லை எனக் கொள்வது பிழையாகும். விருத்தாசலம், ஆடுதுறை, கொறுக்கை, திருவைகாவூர் ஆகிய ஊர்களில் கிடைத்துள்ள 1429ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளை இவ்விடத்து நினைத்தல் வேண்டும். விசயநகர ஆட்சியில் வரிச்சுமையும் அலுவலர் கொடுமையும் மிகவே, வலங்கை தொண்ணூற்றெட்டும் இடங்கை தொண்ணூற்றெட்டும் ஆகிய இனத்தார் ஒன்றுகூடினர். முறையற்ற வரியை இறுப்பதில்லை எனவும், அலுவலர்க்கும் அவரோடு சேர்ந்த நிலவுடையார்க்கும் இணங்குவதில்லை எனவும் உறுதிசெய்தனர். நிலத்தின் விளைவுக்கேற்ப வரி வீதத்தைத் தாமே வகுத்துக் கல்லில் பொறித்தனர். பேராசிரியர் நொபொரு கராஷிமா இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்துள்ளார். எப்பொழுதும் தம்முள் மாறுபட்டு நின்ற வலங்கையும் இடங்கையும் ஒரு கல்லில் சேர்ந்து நிற்பது வியப்புக்குரியது. அடைத்த கதவுகள் அனைத்தும் ஒரு நாளில் திறந்தாற்போன்ற நிகழ்ச்சி அது.

இதே காலத்தில் வாழ்ந்தவர் அருணகிரிநாதர். அவர் பாட்டில் இடம்பெறும் பிரபுடதேவராயனே 1429இல் ஆண்ட இரண்டாம் தேவராயன் என ஆராய்ச்சியாளர் கொள்வர். ஈயாத செல்வரைப் பாடி அலையும் புலவரின் இழிநிலையை அருணகிரியார் மனம் நொந்து பாடியுள்ளார். தம் காலத்து வரி மறுப்பைப் பாடினாரல்லர். பாடாதது அவர் குறை என்று நாம் கூறவில்லை. கல்லில் உள்ளது ஏட்டில் இல்லாமைக்குக் காரணம், அதனை ஏற்கும் பாவினமும் துறையும் ஏட்டில் இல்லாமையே. கூடி மறுத்தல் மக்களிடை நிகழ்ந்தது. அதனைச் சொல்லும் மொழி கல்தச்சனிடம் இருந்தது, புலவரிடம் இல்லை. இலக்கியத்தை மட்டும் கொண்டு ஒரு காலத்து மக்களின் மனநிலையை அளப்பவர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

பாவினம் எவ்வளவு வலியது என்பதை 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சம் காட்டும். இலக்கக்கணக்கானோர் மாண்ட அப்பஞ்சத்தில், சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பெற்ற ரிச்சர்டு டெம்பிள் 1877இல் நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என வகுத்தார். பசி உடலை முறிக்குமுன், பஞ்சத்தின் தொடக்கத்தில், தானியக் கடைகள் சில இடங்களில் தாக்கப்பட்டன. பசி முற்றிய பின்னர் நிகழ்ந்தவை ஊர் விட்டுப் பெயர்தலும் கஞ்சித் தொட்டிமுன் காத்திருத்தலுமே. பசியின் அளவும் எழுச்சியின் அளவும் ஒன்றுபோல் ஏறுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

இப்பஞ்சத்தைப் பொருளாகக் கொண்டு வில்லியப்ப பிள்ளை பாடிய பஞ்சலட்சணத் திருமுக விலாசம் 1899இல் அச்சாயிற்று. பஞ்சத்தால் நொந்தோர் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவர் சிவகங்கைத் தலைவர் துரைசிங்கருக்குத் திருமுகம் எழுதி விடுக்கிறார் என்பது நூலின் அமைப்பு. நகைச்சுவை ததும்பும் இந்நூலை வெறும் வேடிக்கைப் பாட்டென ஒதுக்கியோர் உளர். அவர் நூலை முழுதும் கற்றவராகார். ஊரார் பலர் கூடித் துயருரைப்பது இந்நூலில் நிகழ்கிறது. புறநானூற்றில் நாம் காணாத கூட்டம் இங்கு வந்துவிட்டது. ஆனால் அக்கூட்டத்தை நூலாசிரியர் எங்கு இட்டுச் செல்கிறார்? பாணபத்திரர்க்குப் பொருள் தருமாறு ஆலவாயிறைவன் சேரமான் பெருமாளுக்கு விடுத்த திருமுகப் பாசுரத்தின் வழியிலேயே இட்டுச் செல்கிறார். பாணன் ஒருவன் சென்ற பழைய ஆற்றுப்படை வழியில் ஊரே நடக்கிறது. கூட்டம் புதிது, வழி பழையது. தானியம் கப்பலேறியதும் டெம்பிள் வகுத்த கூலியும் அவ்வழியில் எதிர்ப்படா. கடவுளே வேண்டுகோள் எழுதும் நிலையில், கேட்போரும் கொடுப்போரும் என்னும் உறவு முறியாது காக்கப்படுகிறது. உறவு முறியாதவரை முறையீடு உண்டு, எழுச்சி இல்லை.

இவ்வுறவை முறித்த முதற் பாவலர் பாரதியார். ஒருவனுக்கு உணவில்லையெனினும் உலகை அழிப்போம் என்னும் அவர்தம் கூற்றை வள்ளுவரின் இரவச்சக் குறளோடு ஒப்பிட்டோர் பலர். ஒப்புமையினும் வேற்றுமையே பெரிது. வள்ளுவர் சபிக்கிறார், பாரதியார் புதிய விதி வகுத்து அதனைக் காப்போம் என்கிறார். பேசுபவர் தன்மைப் பன்மைக்கு மாறிவிட்டார் என்பதே இலக்கணத்தால் அறியக்கிடக்கும் செய்தி. 1917இல் ஜாரின் வீழ்ச்சியைப் பாடும்பொழுதும் அவர் வறுமையைத் தனியே கூறாமல், உழைப்பார்க்கு உணவின்மையையும் பொய்யர்க்குச் செல்வம் உண்மையையும் அருகருகே வைத்துக் கூறுகிறார். இல்லாமை வெறும் இல்லாமையாக நிற்காது, பிறன் ஒருவனின் உண்மையோடு தொடர்புற்று முறைகேடாகிறது. ஆயினும் அவ்வீழ்ச்சியைப் பராசக்தியின் கடைக்கண் நோக்குக்கு உரியதாக்கியதன் வழி, பெட்ரோகிராடு நகரில் ரொட்டிக்கு வரிசையில் நின்ற பெண்கள் பாட்டிற்கு வெளியே நின்றுவிடுகின்றனர்.

வரிசையில் நிற்பாரைக் கதைமாந்தராக்கிய தமிழ் நூல் தொ. மு. சி. ரகுநாதனின் பஞ்சும் பசியும் ஆகும். 1953இல் வெளிவந்த இப்புதினத்தின் களம் அம்பாசமுத்திரம். மாந்தர் கைத்தறி நெசவாளர். கொரியப் போர்க்காலத்து விலையேற்றம் சரிந்த பின்னர்க் கைத்தறித் துணி விற்பனையின்றித் தேங்கிற்று. நூல் விலையோ நெசவாளன் எட்டும் அளவில் இல்லை. ஆலைத் துணியின் போட்டி ஒருபுறம். சென்னை மாகாண முதலமைச்சர் இராசாசி வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என வற்புறுத்திய காலம் அது. நூலின் பெயரில் பஞ்சு என்னும் சொல் பஞ்சம் எனக் காதில் விழுவதை ஆசிரியர் கருதியே வைத்தார் போலும்.

நூல் வணிகத்திற்கும் தறிக்கும் இடையில் நின்ற கைலாச முதலியார் கடனில் மூழ்கி மானம் பெரிதென உயிர் விடுகிறார். சிறுபாணாற்றுப்படையின் கதவு இவர்க்குப் பின்னால் கடைசி முறையாக அடைபடுகிறது என்போம். தம் இடர் ஊரில் ஒவ்வொரு தறிக்கும் உள்ள இடரே என்பதை அறியாதவர் அல்லர் அவர்; அறிந்தும் தம் தோல்வியாகவே அதனைக் கொள்கிறார். அவர் மகன் மணிக்கு இவ்வறிவு வேறு வழியில் பயன்படுகிறது. தந்தையின் நாணம் மகனிடம் வழக்காக மாறும் பகுதிகளே இப்புதினத்தின் உயிர்நிலை. நெசவாளர் பட்டினியோடு தெருவில் அணிவகுத்துச் செல்லும்பொழுது, வீட்டுக்குள் மறைக்கப்பட்ட பசி ஊர் காண வெளியே வருகிறது. தமிழிலக்கியத்தில் இது புதுத் துறை. இத்துறைக்குத் தொல்காப்பியத்தில் பெயர் இல்லையாயினும் 1429ஆம் ஆண்டுக் கல்தச்சன் இதனை அடையாளம் கண்டிருப்பான்.

குறைகளும் உள. வணிகர் மகளோடு மணிக்கு அமைந்த காதல் கதைக்கு இன்றியமையாததன்று. அதனினும் பெரியது, பெருவணிகர் தாதுலிங்க முதலியாரின் படைப்பு. நாம் மேலே கூறியவாறு, கைத்தறியின் நலிவு ஒரு மனிதனின் பேராசையால் நேர்ந்ததன்று. உலகச் சந்தையும் ஆலையும் அரசின் நூற்கொள்கையும் சேர்ந்து விளைத்தது. இவற்றுக்கு முகம் இல்லை. முகமில்லாத ஒன்றை எதிர்த்துத் தெருவில் இறங்க மக்களால் இயலாது. ஆகவே ரகுநாதன் அனைத்துக்கும் தாதுலிங்கரின் முகத்தைத் தருகிறார். எழுச்சிக்கு இம்முகம் தேவை. உண்மைக்கு இது போதாது. வறுமையைக் காட்டி மக்களைத் திரட்டுவோர் அனைவரும் எதிர்ப்படும் இடர் இதுவே. அண்மையிலுள்ள ஒருவனைச் சுட்டுதல் எளிது, எளிது என்பதனாலேயே அது தவறான ஒருவனையும் சுட்டக்கூடும். புதினத்தின் இறுதி காட்டும் உறுதி வரலாற்றில் அவ்வாறே நிறைவேறவில்லை. 1953இல் ஆலைத் துணி மீது தனித் தீர்வை விதிக்கப்பட்டு, அதன் வருவாய் கைத்தறிக்கும் கதருக்கும் செலவிடப்பட்டது. கூட்டுறவுச் சங்கங்கள் பெருகின. எழுச்சியின் ஒரு பகுதி சலுகையாகி அடங்கிற்று. அச்சலுகையும் பட்டினி ஊர்வலங்கள் நிகழாதிருப்பின் வந்திராது என்பதும் மறக்கற்பாலதன்று.

முகம் தருவதன் மறுபக்கத் தீங்கை இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் காட்டுகிறது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் உழவுத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். அப்பகுதியில் நிகழ்ந்த பூசலின் பொருள் கூலியாகத் தரும் நெல்லின் அளவு. 1975இல் வெளிவந்து 1977இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற இப்புதினம் நிலக்கிழாரின் உள்ளக் கோளாற்றையும் ஆண்மைக் குறையையும் கொடுமைக்கு வேராக்குகிறது. கலைத்திறனில் இது ரகுநாதனின் நூலினும் மேம்பட்டது என்பதை மறுக்கவில்லை. ஆயின் நெல்லளவு பற்றிய வழக்கு ஒருவனின் உடற்குறையாகச் சுருங்கும்பொழுது, அவன் நலமுற்றவனாயின் கூலி உயர்ந்திருக்குமோ என்னும் வினா எழுகிறது. இதற்குப் புதினத்தில் விடை இல்லை. தாதுலிங்கரின் முகம் மிகையாயினும் அது கணக்குப் புத்தகத்தின் முகம். குருதிப்புனலின் முகம் மருத்துவக் குறிப்பின் முகம். முன்னதனோடு வழக்காடலாம்.

இவ்வாராய்ச்சியில் எஞ்சி நிற்பது 1918ஆம் ஆண்டு. போர்க்கால விலையேற்றமும் மழை பொய்த்தலும் சேர்ந்து, சென்னை மாகாணத்தில் அவ்வாண்டு தானியக் கலகங்கள் பரவின. டேவிட் ஆர்னால்டு 1979இல் இவற்றை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, கூட்டத்தார் சில இடங்களில் முதலில் கேட்டது நியாய விலையே என்பதைக் காட்டுகிறது. இங்கிலாந்துக் கூட்டங்களைப் பற்றி எட்வர்டு தாம்சன் 1971இல் கூறிய முடிவோடு இது ஒத்துச் செல்வது. பெரும் புலவர் எவரும் இதனைப் பாடியதாக நாம் காணவில்லை. ஆயின் பஞ்சத்தையும் விலையேற்றத்தையும் பாடும் கும்மியும் சிந்தும் அக்காலத்தில் காலணா, அரையணா விலைச் சிறுநூல்களாகக் குசிலிக் கடைத்தெருவில் அச்சாகி ஊர்தோறும் சென்றன. அவற்றைத் தாழ்ந்த இலக்கியமென நம் துறையார் நெடுங்காலம் தொடாது விட்டனர். அவற்றுள் 1918ஆம் ஆண்டைச் சேர்ந்தவற்றைப் பிரித்தெடுத்து, கேட்போர் யார், கேட்கப்படுவோர் யார், பேசுவது ஒருமையா பன்மையா என்னும் மூன்றையும் முதுகலை மாணவர் எவரேனும் ஆராய்வாராயின், கல்லுக்கும் ஏட்டுக்கும் இடைப்பட்ட அச்சுத்தாளில் கூடிக் கேட்டோரின் மொழி இருந்ததா இல்லையா என்பது தெரியவரும்.